மலைச் சபை ஒன்றின் வரலாற்றைப் பதிவேட்டிலிருந்து எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

குன்னூர்ப் பக்கம் இருந்துகொண்டு சில வருடங்களாகப் பழைய கிறிஸ்தவக் கோயில் பதிவேடுகளை (ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதிவைத்த புத்தகங்களை) வாசிக்க வருகிறவர்களோடு உட்கார்ந்து வருகிறேன். இறையியல் கல்லூரியில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் வருகிறார்கள், நூற்றாண்டு மலர் போட வேண்டும் என்று சபை அனுப்பிவைத்த பிள்ளைகள் வருகிறார்கள், தாத்தாவின் பெயரைத் தேடிக்கொண்டு குடும்பமாகவும் வருகிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பீரோவைத் திறக்கும் முன்பே கதையை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற வரிகளை மட்டும் பொறுக்குகிறார்கள். வேலையைச் சரியான வரிசையில் செய்தால் இந்தத் தவறில் பாதி தானாகவே நின்றுவிடும். அந்த வரிசைதான் கீழே.

## தொடங்கும் முன் கையில் வேண்டியவை

முதலில் காலம். நீலகிரியின் மேற்குப் பக்கம், கூடலூரும் ஊட்டியும், ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்தபடி இருக்கும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வாருங்கள். கல்லறையில் வெயில் சாய்வாக விழும், பதிவேட்டுத் தாள்களும் ஈரம் உலர்ந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும்.

அப்புறம் பொருட்கள்: நல்ல கேமரா உள்ள செல்பேசி, பென்சில் (பேனா வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு மை போதும் ஒரு பக்கத்தைக் கெடுக்க), வெள்ளை அட்டை, அடிக்கோல், மென்மையான பிரஷ், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று கல்லறைப் பகுதியில் சொல்கிறேன்.

## 1. ஒரு சபை, ஒரு கால அளவு

"நீலகிரியில் கிறிஸ்தவம்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு வந்து கடைசிவரை முடித்தவரை நான் பார்த்ததில்லை. ஒரு கோயில், முப்பது நாற்பது வருடம். உதாரணமாக 1880 முதல் 1920 வரை. இந்த அளவில் எடுத்தால் எல்லா வரிகளையும் வாசிக்க முடியும். எல்லா வரிகளையும் வாசித்தால்தான் எது வழக்கம், எது விதிவிலக்கு என்று தெரியும். நடுவில் நாலு வரியைப் பிடுங்கிப் படித்தால் கண்ணில் படுவதெல்லாம் அதிசயமாகத்தான் தோன்றும்.

## 2. அந்தக் கோயில் எந்தக் காலத்தில் யாருடைய கையில் இருந்தது

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவேட்டைத் தொடும் முன் ஒரு தாளில் வருடங்களைக் கீழ்நோக்கி எழுதி, எதிரில் அந்தக் கோயிலை நடத்திய சபை, மிஷன், மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) எது என்று எழுதுங்கள். காகிதம் எப்போதும் அதிகாரம் போன வழியே போகும். யார் ஆண்டார்கள் என்று தெரியாமல் ஆவணம் எங்கே இருக்கிறது என்று கேட்பதில் பயனில்லை.

நீலகிரிக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலும் அதன் வட்டாரமும்) என்றால் ஊட்டி மறைமாவட்டம் 1955இல்தான் மைசூரிலிருந்து பிரிந்தது. அதற்கும் முந்தைய காலத்துக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே பணி செய்தவர்கள் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். ஆக, 1900இல் ஊட்டியில் நடந்த ஒன்றைப் பற்றிய கடிதம் ஊட்டி ஆயர் இல்லத்தில் இல்லை என்றால், அது தொலைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அன்றைக்கு அந்த ஆயர் இல்லமே கிடையாது.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் 1947 செப்டம்பர் 27தான் பிறந்த நாள். அதற்கு முன் அதே கோயில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயிலாகவோ, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து வந்த பாசல் மிஷனின் கோயிலாகவோ, வேறொரு மிஷனுடையதாகவோ இருந்திருக்கும். பாசல் மிஷன் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் நிலையம் தொடங்கியது 1846இல். அவர்களுடைய கடிதங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில், அதுவும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். படகர்களிடையே செய்த வேலைக்குக் கன்னடத்தைப் பயன்படுத்தினார்கள், 1890இல் படக மொழியில் லூக்கா நற்செய்தி அச்சானபோதும் எழுத்து கன்னடம்தான். தமிழ் மட்டும் தெரிந்துகொண்டு கேத்திப் பதிவுகளுக்குப் போனால் பாதியில் நிற்க வேண்டியிருக்கும். முதல் உலகப்போரில் ஜெர்மன் மிஷனரிகள் அடைக்கப்பட்டும் வெளியேற்றப்பட்டும் போனதால், அந்த வருடங்களில் கையெழுத்து திடீரென்று மாறும், அல்லது பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் பார்த்து "சபை செயலற்றுப் போனது" என்று எழுதினார் ஒரு மாணவர். மக்கள் ஞாயிறுதோறும் கூடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். எழுதி வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கொடைக்கானலுக்கு வரிசையே வேறு. 1845இல் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். சமவெளியில் நோயால் மிஷனரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் செத்துக்கொண்டிருந்ததால் மலை ஏறினார்கள். அந்த மிஷனின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்கும், 1947இல் சி.எஸ்.ஐ.க்கும் வந்தன. கத்தோலிக்கத் தரப்பில் சலேத் மாதா கோயிலும் பக்கத்துச் செண்பகனூர்க் கல்லூரியும் சேசு சபையார் (ஜெசுவிட் குருக்கள்) தொடங்கியவை. ஊட்டிக்குச் செய்த அட்டவணையைக் கொடைக்கானலுக்கு அப்படியே ஒட்ட முடியாது.

## 3. எந்தத் தேதியைத் "தொடக்கம்" என்று சொல்கிறீர்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் இதில்தான் நூற்றாண்டு மலர்கள் ஒன்றோடொன்று முரண்படும். ஊட்டி ஸ்டீபன் கோயிலையே பாருங்கள். அடிக்கல் 1829 ஏப்ரல் 23. கல்கத்தா ஆயர் வந்து பிரதிஷ்டை செய்தது 1830 நவம்பர் 5. வழிபாட்டுக்குத் திறந்தது 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு. மூன்றும் சரி. நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்று எழுதாமல் வருடத்தை மட்டும் போட்டால்தான் தப்பாகிவிடும். பல கோயில்களில் இது போதாதென்று ஓலைக் கூரை போட்ட ஜெபக்கூடம் இருந்த வருடம் ஒன்று கூட வரும்.

## 4. அனுமதி

எழுத்தில் கேளுங்கள், ஒரு பக்கத்துக்குள். சி.எஸ்.ஐ. என்றால் ஆயருக்கும் சேகரக் குழு (உள்ளூர்ச் சபைகளை நடத்தும் குழு) செயலாளருக்கும், கத்தோலிக்கப் பங்கு என்றால் பங்குத்தந்தைக்கு. எந்த வருடப் பதிவேடு, எத்தனை நாள், எதைப் படம் எடுப்பீர்கள், எதை வெளியிட மாட்டீர்கள் என்று நாலு வரி இருந்தால் போதும். "சும்மா பார்க்கணும் ஃபாதர்" என்று போய் நிற்பவர்களுக்குப் பீரோ திறப்பதில்லை. திறக்காததும் சரிதான். அதே புத்தகங்களில் இன்று உயிரோடு இருப்பவர்களின் பிறப்பும் திருமணமும் இருக்கிறது.

சாவி உபதேசியாரிடம் (குருவுக்கு உதவியாக இருந்து வேதம் சொல்லிக்கொடுப்பவரிடம்) இருக்கும். அவருடைய நேரத்தை மதித்துப் போங்கள். எந்தப் புத்தகம் எந்த வெள்ளத்தில் நனைந்தது, எது எப்போது பைண்டிங் போட்டது என்று அவருக்குத்தான் தெரியும், அதை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

## 5. படம் எடுக்கும் ஒழுங்கு

அட்டை, முதுகு, வெற்றுப் பக்கங்கள், ஒட்டிவைத்த துண்டுச்சீட்டு, எல்லாவற்றையும் இருக்கிற வரிசையிலேயே எடுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் படம், வெள்ளை அட்டையில் கோயில், புத்தகத்தின் பெயர், தேதி ஆகியவற்றை எழுதி எடுத்ததாக இருக்கட்டும்.

இதைச் செய்யாமல் நான் பட்ட பாடு சொல்கிறேன். ஒரு ஜூலை மாதம், மூடுபனியில் வெளிச்சம் போய்க்கொண்டிருக்க, ஒரு கோயிலின் இரண்டு அடக்கப் பதிவேடுகளை அவசர அவசரமாக எடுத்தேன். இரண்டும் ஒரே குருவின் கையெழுத்து, ஒரே கோடு போட்ட தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தப் பக்கம் எதிலிருந்து என்றே பிரிக்க முடியவில்லை. திரும்பப் போய் ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டு அடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. அட்டை எழுத ஆகும் நேரம் அரை நிமிடம்.

பிளாஷ் போடாதீர்கள். ஈரமான புத்தகத்தை வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் சுருண்டு நொறுங்கும். நிழலில், காற்றோட்டத்தில், வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து விட்டுவிடுங்கள். ஒட்டிய பக்கத்தை விரலால் பிரிக்கவே பிரிக்காதீர்கள், அந்தப் பக்கத்தை "வாசிக்கவில்லை" என்று குறித்துவிட்டு நகருங்கள்.

## 6. வாசிப்பது

இனிமேல்தான் உண்மையான வேலை. பழைய கத்தோலிக்கப் பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம், லத்தீனை ஒலிப்படி எழுதுகிறேன்:

"தியே 14 மார்த்தி 1891 பப்திசாவி பெத்ரும், நாத்தும் தியே 9 ஹுயுஸ் மென்சிஸ், ஃபிலியும் லெஜித்திமும் யோசேஃபி எத் அன்னே கோன்யுகும். பத்ரினி ஃபுஎருந்த் பவுலுஸ் எத் மரியா."

1891 மார்ச் 14இல் ஞானஸ்நானம் கொடுத்தேன், பிள்ளை இதே மாதம் 9இல் பிறந்தது, யோசேப்பு அன்னா தம்பதியின் முறையான மகன், ஞானப்பெற்றோர் பவுலும் மரியாளும் என்பது பொருள். புதிதாக வருகிறவர்கள் பிள்ளையின் பெயர் "பெத்ரும்", அப்பா பெயர் "யோசேஃபி" என்று குறித்துக்கொள்வார்கள். லத்தீனில் வேற்றுமைக்கு ஏற்பப் பெயரின் கடைசி மாறும், தமிழில் "ராமனை", "ராமனுடைய" என்று வருகிற மாதிரி. பெத்ரும் என்பது பெத்ருஸ், யோசேஃபி என்பது யோசேஃபுஸ்.

சரி, பெத்ருஸ் என்று கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அந்தப் பிள்ளையை வீட்டில் யாரும் பெத்ருஸ் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவன் இராயப்பன். அப்பா சூசை, அம்மா அன்னம்மாள், ஞானத்தந்தை சின்னப்பன். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், யோசேப்பு சூசை, யாக்கோபு யாகப்பர் அல்லது சந்தியாகு, சவேரியார் சவரிமுத்து, இக்னேஷியஸ் இஞ்ஞாசி. லத்தீன் தெரிந்த குரு வீட்டுப் பெயரைக் கேட்டு, அதைச் சபையின் பெயராக மாற்றி எழுதினார். ஒரு குடும்பம் என்னிடம் வந்து "எங்க கொள்ளுத்தாத்தா இராயப்பன் பேரே இந்தக் கோயில்ல இல்லையாம், எங்களை யாரோ ஏமாத்தியிருக்காங்க" என்று சொன்னபோது அந்த அம்மாவின் குரல் உடைந்திருந்தது. மூன்றாவது பக்கத்தில் பெத்ருஸ் இருந்தார், தகப்பன் பெயரும் பொருந்தியது. அவர்கள் பட்ட வேதனைக்குக் காரணம் ஒரு மொழிபெயர்ப்பு மட்டும்தான்.

புராட்டஸ்டண்டுப் பக்கம் இந்தச் சிக்கல் குறைவு. பேதுரு பேதுருவாகவே, பவுல் பவுலாகவே இருப்பார். அங்கே சிக்கல் ஆங்கில எழுத்துக்கூட்டு. ஞானப்பிரகாசம் என்ற ஒரே பெயரை ஒரே குரு மூன்று வருடத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்.

அதனால் உங்கள் அட்டவணையில் பெயருக்கு இரண்டு கட்டம் வையுங்கள். முதலாவதில் புத்தகத்தில் இருக்கும் எழுத்தை அப்படியே, பிழையோடு எழுதுங்கள். இரண்டாவதில் நீங்கள் ஊகிக்கும் தமிழ்ப் பெயரை எழுதுங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் குழப்பினால் ஆறு மாதம் கழித்து எது புத்தகம் சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று உங்களுக்கே தெரியாது. சந்தேகம் உள்ள எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், கேள்விக்குறி போட வெட்கப்பட வேண்டாம்.

பெயர்களே காலக்கணக்குக்கும் உதவும். லூர்தில் மாதா காட்சி கொடுத்தது 1858இல், சலேத்தில் 1846இல். "லூர்து மேரி" என்ற பெயர் 1840ஆம் வருடத்து வரியில் வந்தால், அந்த வரி பிற்காலத்தில் பார்த்து எழுதிய பிரதி, அல்லது நீங்கள் வருடத்தைத் தப்பாக வாசித்திருக்கிறீர்கள்.

ஓரக்குறிப்புகளை விடவே விடாதீர்கள். 1908 முதல் நடைமுறைக்கு வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும். அதனால் கோத்தகிரிப் பக்கம் பிறந்த ஒரு பெண் எந்த ஊரில், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது அவளுடைய ஞானஸ்நான வரியின் ஓரத்தில், வேறொரு மையில், பொடி எழுத்தில் இருக்கும். மலையிலிருந்து மக்கள் எங்கே போனார்கள் என்பதை இதைவிட நேராகச் சொல்லும் சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்று, மையைப் பாருங்கள். ஆறு மாதப் பதிவுகள் ஒரே மையில், ஒரே வேகத்தில், தேதி முன்பின்னாக இருந்தால், எஸ்டேட் லைன் வீடுகளுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போய்வந்தவர் துண்டுத்தாளில் குறித்ததைப் பிறகு மொத்தமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தத் தேதிகளை நாள் கணக்காக நம்ப வேண்டாம், மாதக் கணக்காக நம்பலாம். ஆயர் சபையைப் பார்வையிட வந்து போட்ட கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது, அதற்கு மேலே இருப்பதெல்லாம் அந்தத் தேதிக்கு முன் எழுதியவை.

அடக்கப் பதிவேட்டில் ஒரு மாதம் மட்டும் எண்ணிக்கை குவிந்தால் உடனே உள்ளூர்க் காரணம் தேடாதீர்கள். 1918இன் கடைசி மாதங்கள் என்றால் இன்ஃபுளுயன்ஸா. 1876 முதல் 1878 வரை என்றால் சமவெளியில் பெரும்பஞ்சம், அதில் தப்பி மலைக்கு ஏறியவர்கள் உண்டு. முதலில் மாகாணத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு ஊருக்கு வாருங்கள்.

## 7. கல்லறை

பதிவேட்டுக்கு அப்புறம்தான் கல்லறை. யார் யார் அங்கே இருக்க வேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்தால்தான், கல் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். ஊட்டி ஸ்டீபன் கோயில் மயானத்துக்கு வருகிறவர்கள் ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சலிவன் குடும்பத்துக் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கல் வைக்க வசதியில்லாமல் மண்மேட்டோடு போனவர்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கிறார்கள்.

பாசியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். சாக்பீஸ், மாவு பூசி எழுத்தை எடுக்காதீர்கள், கல் அரித்துப்போகும். சுத்தமான தண்ணீர், மென்மையான பிரஷ், அதுவும் கல் உறுதியாக இருந்தால் மட்டும். எழுத்து தெரியவில்லையா, சாயங்காலம் நாலு மணிக்கு வாருங்கள். வெயில் இல்லாத பக்கமென்றால் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிக் கல்லின் மேல் பக்கவாட்டாக விழ வையுங்கள். குன்னூருக்கு மேலே ஒரு மயானத்தில் ஒரு குழந்தையின் கல். பகல் முழுக்க வெறும் சாம்பல் பலகையாகத்தான் தெரிந்தது. கண்ணாடியைச் சாய்த்ததும் "நித்திரை" என்ற சொல் மட்டும் முதலில் எழும்பியது, அப்புறம் கீழே "வயது 2". பெயர் இருந்த வரி உடைந்து போயிருந்தது. பதிவேட்டில் அந்த வருடத்தில் இரண்டு வயதில் அடக்கமான குழந்தை ஒன்றே ஒன்று, அதனால் பெயர் திரும்பக் கிடைத்தது.

தமிழ் எழுத்தின் வடிவத்தையும் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் "லை", "னை" போன்றவை துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருந்தன. கல்லில் 1920 என்று இருந்து "லை" இன்றைய வடிவத்தில் இருந்தால், அநேகமாக அது பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் புதிதாக வைத்த கல். அதிலுள்ள தேதி குடும்ப நினைவிலிருந்து வந்ததாக இருக்கலாம், பதிவேட்டோடு ஒப்பிடாமல் எடுக்காதீர்கள்.

## 8. மலருக்கும் பெரியவர்களுக்கும் இப்போது போங்கள்

பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் வேண்டுமென்றே எட்டாவதாக வைக்கிறேன். பழைய நூற்றாண்டு மலரை முதலில் படித்தால் அதிலுள்ள தவறான வருடம் மனதில் உட்கார்ந்துவிடும், அப்புறம் பதிவேட்டில் வேறு வருடம் இருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போகும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "கோயில் எப்போ கட்டினாங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர்களும் மலரில் படித்ததைத்தான் சொல்வார்கள். "இந்த 1931 பதிவுல இருக்கிற ஞானத்தாய் யாருங்க பாட்டி?" என்று பெயரை நீட்டுங்கள். அவர்கள் வேறு மாதிரி பேசத் தொடங்குவார்கள். டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் இருக்கும் குடும்பங்களிடம் கண்டி, நுவரெலியா, பதுளை என்று கேளுங்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் அவர்கள், தாத்தா காலத்து ஞானஸ்நானம் இலங்கைக் கோயில்களில் இருக்கும். நீலகிரிப் பதிவேட்டில் அவர்கள் இல்லாததை வைத்து "புதிதாக மதம் மாறியவர்கள்" என்று எழுதிய ஆய்வேடு ஒன்றை வாசித்திருக்கிறேன். மூன்று தலைமுறையின் விசுவாசத்தை ஒரே வரியில் அழித்த அந்தத் தவறு இன்னும் மனதை அறுக்கிறது.

## 9. மலைக்கு வெளியே

எண் 2இல் போட்ட அட்டவணை இங்கே பயன்படும். சென்னை மாகாணத்து ஆங்கிலிக்கன் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்குப் போயின, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 தொடரில் உள்ளன. அதில் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான், தமிழர்களை அங்கே தேடி ஏமாற வேண்டாம். பாசல் மிஷன் ஆவணங்கள் பாசலில். அவர்களுடைய பழைய புகைப்படத் தொகுப்பை இணையத்திலேயே பார்க்கலாம், கேத்திப் படங்கள் கிடைக்கும். அமெரிக்க மதுரை மிஷனுடையவை ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில். சேசு சபை மதுரை மாநிலத்தின் ஆவணக் காப்பகம் என்றால் செண்பகனூரின் பெயர்தான் முதலில் வரும். பிரெஞ்சும் லத்தீனும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மிஷனரி அறிக்கைகளை வாசிக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். அவை சொந்த நாட்டில் பணம் கொடுப்பவர்கள் படிப்பதற்காக எழுதியவை. மனமாற்றம் விரிவாக இருக்கும், திரும்பிப் போனவர்கள் ஒரு வரியில் இருப்பார்கள். அதே வருடத்துப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

## 10. எழுதும்போது எதை விடுவது

பதிவேட்டில் சாதிப் பெயர் இருக்கும், "தகப்பன் தெரியாது" என்ற குறிப்பு இருக்கும். அவற்றை எண்ணிக்கையாக ஆய்வுக்குப் பயன்படுத்துங்கள். பெயரோடு சேர்த்து அச்சில் போடாதீர்கள். நூறு வருடம் ஆகாத எந்தத் தனி வரியையும் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். மலையில் ஊர்கள் சின்னவை, பெயரை மறைத்தாலும் வருடத்தையும் எஸ்டேட்டையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் சில இடங்களில் எஸ்டேட் பெயரையும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

முடித்ததும் படங்களின் முழுப் பிரதியையும் உங்கள் அட்டவணையின் அச்சுப் பிரதியையும் கோயிலுக்குக் கொடுங்கள். அட்டவணையின் முதல் தாளில் எந்தெந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன, எவை ஒட்டியிருந்தன, எந்த வருடங்கள் இல்லை என்று தேதி போட்டு எழுதி, அதைப் பதிவேடுகள் இருக்கும் அதே பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.